டோபமின் வாங்கிகளும் உளப்பிளவை நோயும்

நீரிழிவு உள்ள வீட்டில் கிளினிக் கொப்பி எல்லோர் கண்ணிலும் படும்படி அலுமாரிக்கு மேலே கிடக்கும். பிரஷர் உள்ளவர்கள் கல்யாண வீட்டில்கூட "எனக்கு உப்பு ஆகாது" என்று சத்தமாகவே சொல்லிவிடுவார்கள். உளப்பிளவை நோய் உள்ள வீட்டில் அந்தக் கொப்பி உடுதுணிகளுக்கு அடியில் இருக்கும். கிளினிக் நாளன்று அயலவர் எழும்ப முன்னரே முதல் பஸ்ஸில் ஏறிவிடுவார்கள். கேட்டால், "பல்லுக்குப் போய் வந்தோம்" என்பார்கள்.

நான் உயர்தர வகுப்புகளுக்கு உயிரியல் கற்பிக்கிறேன். பிறந்து வளர்ந்தது கேகாலை மாவட்டத்தில் தேயிலையும் இறப்பரும் கலந்த ஒரு பகுதியில். கடைத்தெருவில் நாங்கள், மலையில் லயங்களில் தோட்டத் தமிழ் மக்கள், கீழே வயலோரம் சிங்களக் கிராமம். இந்த நோயை மூன்று சமூகங்களும் மூன்று பெயரில் மறைப்பதைப் பார்த்தே வளர்ந்தேன். எங்கள் வீடுகளில் ஜின் தீண்டியது என்பார்கள். லயத்தில் காற்றுச் சேட்டை என்று கோடாங்கியை அழைப்பார்கள். கிராமத்தில் தொவில் ஆடுவார்கள். பெயர் எதுவாக இருந்தாலும், வைத்தியரிடம் வந்து சேர மாதங்களும் சிலவேளை வருடங்களும் ஆகிவிடுகின்றன.

பரம்பரையியல் அலகைப் படிப்பிக்கும் ஒவ்வொரு வருடமும் மாணவிகளிடமிருந்து இந்நோய் பற்றிக் கேள்விகள் வரும். பெற்றோர் கூட்டம் முடிந்த பிறகு தனியாக நின்று கேட்கும் தாய்மாரும் உண்டு. அந்தக் கேள்விகளுக்கு விஞ்ஞானம் இன்று என்ன பதில் சொல்கிறது என்பதைப் பாடப்புத்தகச் சொற்களோடும் வீட்டுச் சொற்களோடும் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நோய் என்பது எது?

சிசோஃப்ரீனியா என்ற பெயரை 1908இல் சுவிட்சர்லாந்தின் உளவைத்தியர் ஒய்கன் புளொய்லர் வைத்தார். கிரேக்க மொழியில் பிளவும் மனமும் சேர்ந்த சொல் அது. எமது நாட்டில் உளப்பிளவை நோய் என்றும் தமிழ்நாட்டில் மனச்சிதைவு நோய் என்றும் எழுதுகிறார்கள். பெயரைக் கேட்டு, ஒருவருக்குள் இரண்டு ஆட்கள் குடியிருக்கும் நோய் என்று பலர் எண்ணுகிறார்கள். சினிமா காட்டுவதும் அதையே. உண்மையில் இங்கே பிளவுபடுவது எண்ணம், உணர்வு, நடத்தை ஆகியவற்றுக்கு இடையே இருக்கவேண்டிய இசைவு.

அறிகுறிகள் இரண்டு வகை. முதல் வகை வெளியே தெரிவது: ஆளில்லாத இடத்தில் குரல் கேட்பது, யாரோ தன்னைப் பின்தொடர்கிறார் அல்லது சாப்பாட்டில் மருந்து கலக்கிறார் என்று அசைக்க முடியாதபடி நம்புவது, தொடர்பில்லாமல் பேசுவது. இரண்டாவது வகை அமைதியானது: பேச்சுக் குறைவது, குளிக்காமல் இருப்பது, சிரிப்பும் அழுகையும் முகத்தில் இல்லாமற் போவது, மூலையில் ஒதுங்குவது. முதல் வகையைக் கண்டால் வீட்டார் பயப்படுகிறார்கள். இரண்டாவதைக் கண்டால் சோம்பல் என்று ஏசுகிறார்கள். இரண்டும் ஒரே நோயின் இரு பக்கங்கள்.

நூறு பேரை எடுத்தால் வாழ்நாளில் ஏறக்குறைய ஒருவருக்கு இது வரலாம். பெரும்பாலும் பதின்ம வயதின் கடைசியிலோ இருபதுகளிலோ தொடங்கும். பெண்களுக்குச் சில வருடங்கள் பிந்தித் தொடங்குவது வழமை. படிப்பு, பரீட்சை, திருமணப் பேச்சு எல்லாம் நடக்கும் அதே வயதில் இது வந்து நிற்பதுதான் இந்த நோயின் கொடுமை.

டோபமினும் அதன் வாங்கிகளும்

மூளையின் ஒரு நரம்புக்கலம் அடுத்த நரம்புக்கலத்தைத் தொடுவதில்லை. இடையில் மிக நுண்ணிய ஓர் இடைவெளி உண்டு. செய்தியைக் கொண்டு செல்ல முதற் கலம் ஓர் இரசாயனத்தை அந்த இடைவெளியில் விடுகிறது. மறுகரையில் உள்ள கலத்தின் மென்சவ்வில் அதைப் பிடித்துக்கொள்ளும் புரதங்கள் பதிந்திருக்கின்றன. இரசாயனம் நரம்புச் செலுத்தி, புரதம் வாங்கி. டோபமின் அப்படிப்பட்ட ஒரு நரம்புச் செலுத்தி.

டோபமினுக்கு ஐந்து வகை வாங்கிகள் உள்ளன. அவற்றை டி1 முதல் டி5 வரை எண்ணிட்டு அழைக்கிறார்கள். டி1, டி5 இரண்டும் பெறும் கலத்தின் உள்ளே சமிக்ஞையைத் தூண்டுபவை. டி2, டி3, டி4 மூன்றும் அதை அடக்குபவை. ஒவ்வொன்றையும் ஆக்கும் கட்டளை வெவ்வேறு பரம்பரையலகில் உள்ளது. எமது நோயோடு நெருங்கிய டி2 வாங்கியின் பரம்பரையலகு 11ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. அந்த வாங்கியின் நீண்ட வடிவம் 443 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலி.

டோபமின் என்ன வேலை செய்கிறது? அசைவைச் சீராக்குவது ஒன்று. அது குறைந்தால் நடுக்குவாதம் எனும் பாக்கின்சன் நோய் வரும். இன்னொரு வேலை, எது முக்கியம், எதைக் கவனிக்க வேண்டும் என்று மூளைக்குக் குறி இடுவது. காலையில் வீட்டில் எத்தனையோ சத்தங்கள் கேட்கின்றன. பைப்பில் தண்ணீர் சொட்டுகிறது, பக்கத்து வீட்டு ரேடியோ பாடுகிறது, வீதியில் யாரோ இருமுகிறார். அவற்றைக் காது கேட்டாலும் மனம் விட்டுவிடுகிறது. மூளையின் உட்பகுதியில் டோபமின் அளவுக்கு மீறிச் சுரந்தால், விட்டுவிட வேண்டிய சத்தத்துக்கும் குறி விழுகிறது. வீதியில் இருமியவர் தனக்காகவே இருமினார் என்று தோன்றும். அந்தத் தோற்றத்துக்குக் காரணம் தேடும் மனம் ஒரு கதையைக் கட்டிக்கொள்கிறது. நோயாளி அந்தக் கதையை விடாப்பிடியாகச் சொல்வது பிடிவாதத்தால் என்று நினைக்கக் கூடாது. அவருடைய மூளை அதை உண்மை என்றே காட்டுகிறது.

மருந்திலிருந்து நோய்க்கு

இந்த அறிவு பின்பக்கமாக வந்தது. முதலில் மருந்து, அதன் பிறகே விளக்கம்.

எமது காடுகளிலும் வளரும் ஏகவேரிய என்ற மூலிகையைக் கிராமத்து வைத்தியர்கள் அறிவார்கள். இந்தியாவில் அதற்குச் சர்ப்பகந்தா என்று பெயர். 1931இல் வங்காளத்தின் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய இருவரும் அதன் வேர் உயர் இரத்த அழுத்தத்தையும் மனக்குழப்பத்தையும் தணிப்பதாக எழுதினார்கள். 1952இல் அதிலிருந்து ரிசர்ப்பின் என்ற பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. அதே 1952இல் பாரிஸ் நகரில் ஜான் டிலே, பியர் டெனிக்கர் இருவரும் குளோர்ப்ரோமசின் என்ற மருந்தை உளநோயாளருக்குக் கொடுத்துப் பலன் கண்டார்கள். அது ஏன் வேலை செய்கிறது என்பது அப்போது எவருக்கும் தெரியாது.

1957இல் சுவீடனின் ஆர்விட் கார்ல்சன் முயல்களுக்கு ரிசர்ப்பின் கொடுத்தார். அவை அசையாமல் கிடந்தன. டோபமினாக மாறக்கூடிய எல்-டோப்பாவைக் கொடுத்ததும் எழுந்து நடந்தன. டோபமின் தன்னளவிலேயே ஒரு செய்தி கடத்தி என்பது இப்படித்தான் நிலைநாட்டப்பட்டது. இதற்காக அவருக்கு 2000ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. 1970களின் நடுவில் கனடாவின் பிலிப் சீமன், உளப்பிளவைக்குக் கொடுக்கும் மருந்துகளை வரிசையாக எடுத்துப் பார்த்தார். பின்னாளில் டி2 எனப் பெயர் பெற்ற வாங்கியை எந்த மருந்து இறுக்கமாகப் பற்றுகிறதோ, அந்த மருந்து குறைந்த அளவிலேயே நோயைத் தணித்தது. தளர்வாகப் பற்றும் மருந்தை அதிகம் கொடுக்க வேண்டியிருந்தது.

இன்று உயிருள்ள மனிதரின் மூளையைப் படம் பிடித்தே இதைக் காணலாம். டி2 வாங்கிகளில் ஏறக்குறைய 65 வீதத்தை மருந்து மூடும்போது குரல்கள் அடங்கத் தொடங்குகின்றன. 80 வீதத்தை நெருங்கினால் கை நடுக்கமும் உடல் இறுக்கமும் வருகின்றன. வைத்தியர் மருந்தின் அளவைக் கூட்டிக் குறைத்துப் பார்ப்பது இந்த இடுக்கில் சரியான இடத்தைக் கண்டுபிடிக்கத்தான்.

இங்கே பெண்கள் அறியவேண்டிய ஒன்று உண்டு. கபச் சுரப்பியிலும் டி2 வாங்கிகள் இருக்கின்றன. சில மருந்துகள் அங்கும் போய் மூடுவதால் மாதவிடாய் தள்ளிப்போகலாம், கர்ப்பமில்லாமலே பால் சுரக்கலாம். இதைக் கண்டு பயந்து மருந்தை நிறுத்துபவர்கள் உண்டு. பெண்பிள்ளையைச் சந்தேகிக்கும் வீடுகளும் உண்டு. வைத்தியரிடம் சொன்னால் மருந்தை மாற்றித் தருவார்.

வாங்கியின் பரம்பரையலகில் வேறுபாடு இருந்தால்?

மருந்து டி2 வாங்கியில் வேலை செய்கிறது என்றால், அந்த வாங்கியின் பரம்பரையலகிலேயே பிழை இருக்கலாம் அல்லவா? 1990களில் ஆய்வாளர்கள் இப்படித்தான் யோசித்தார்கள். இரத்தினபுரியில் மாணிக்கக் குழி வெட்டுகிறவர்கள் நல்ல 'இல்லம்' படியும் என்று நினைக்கும் இடத்தில் முதலில் தோண்டுவார்கள். இதுவும் அதுபோலவே.

1994இல் ஜப்பானில், டி2 வாங்கியின் 311ஆம் இடத்தில் செரின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாகச் சிஸ்டீன் இருப்பது நோயாளரிடம் அதிகம் என்று அறிவித்தார்கள். டி3 வாங்கியில் 9ஆம் இடத்தில் செரினுக்குப் பதில் கிளைசின் வரும் வேறுபாட்டை 1992 முதல் ஆராய்ந்தார்கள். டி4 பரம்பரையலகில் 48 எழுத்துகள் கொண்ட ஒரு துண்டு சிலருக்கு இரண்டு முறையும் சிலருக்குப் பதினொரு முறை வரையும் திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருக்கிறது. அதையும் சந்தேகித்தார்கள். ஒரு நாட்டில் தொடர்பு தெரிந்தது, மற்ற நாட்டில் தெரியவில்லை. நூறு இருநூறு பேரை மட்டும் வைத்துச் செய்த ஆய்வுகளில் தற்செயலும் உண்மையும் கலந்துவிட்டன.

இன்னொரு வேடிக்கையும் நடந்தது. 'டாக் 1 ஏ' என்ற வேறுபாட்டை டி2வினுடையது என்று எண்ணி வருடக்கணக்காக ஆராய்ந்தார்கள். 2004இல் பார்த்தால், அது அடுத்திருக்கும் வேறொரு பரம்பரையலகுக்குள் இருந்தது. காணி அளந்து பார்த்தபோது பலாமரம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற கதைதான்.

பிறகு வழி மாறியது. ஊகித்து ஓர் இடத்தைத் தோண்டுவதை விட்டு, முழு டி.என்.ஏயிலும் இலட்சக்கணக்கான இடங்களை ஒரே தடவையில் ஒப்பிடத் தொடங்கினார்கள். 2014இல் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து 36,989 நோயாளரையும் 113,075 நோயற்றோரையும் ஒப்பிட்டு, ஆபத்தோடு தொடர்புள்ள 108 இடங்களைக் கண்டார்கள். அவற்றுள் ஒன்று டி2 பரம்பரையலகின் அருகே இருந்தது. முப்பது வருடங்களுக்கு மேலாக மருந்து காட்டிய விரல் சரியான பக்கமே காட்டியிருக்கிறது. ஆனால் அந்த வேறுபாடு வாங்கிப் புரதத்தின் வடிவத்தை மாற்றுவதல்ல. பரம்பரையலகுக்கு வெளியே சற்றுத் தள்ளி இருக்கிறது. எங்கே, எப்போது, எவ்வளவு வாங்கி ஆக்குவது என்ற கணக்கை அது மாற்றக்கூடும். 2022இல் நோயாளர் தொகை 76,755 ஆக உயர்ந்தபோது இடங்களின் எண்ணிக்கை 287 ஆகியது.

இந்த எண்களின் பொருளைத் தோட்டத்துப் பிள்ளைகள் எளிதில் புரிந்துகொள்வார்கள். ஒரு கொழுந்தின் பாரம் கைக்குத் தெரியாது. நாள் முழுதும் பறித்த கூடையின் பாரம் முதுகை வளைக்கும். டி2 அருகே உள்ள வேறுபாடு ஒரு கொழுந்து. அதை வைத்திருக்கும் கோடிக்கணக்கானோர் எந்த நோயும் இல்லாமல் வாழ்ந்து முடிக்கிறார்கள். இப்படிப் பல நூறு கொழுந்துகள் ஒருவரிடம் சேரும்போது கூடை கனக்கிறது. அதிலும் கூடையைச் சுமக்கும் பாதை செங்குத்தா சமதரையா என்பதும் உண்டு. அந்தப் பாதைதான் வாழ்க்கைச் சூழல்.

விதிவிலக்காக, ஒற்றை மாற்றமே பெரும் ஆபத்தைத் தருவதும் உண்டு. 22ஆம் நிறமூர்த்தத்தில் ஒரு சிறு துண்டு இல்லாமற் பிறப்பவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு உளப்பிளவை போன்ற நோய் வரக்கூடும். அது மிக அரிது. அவர்களுக்குப் பெரும்பாலும் இருதயக் குறைபாடு முதலியனவும் பிறப்பிலேயே இருக்கும்.

தமிழ்க் குடும்பங்கள் தந்த சான்று

மேலே சொன்ன பெரும் ஆய்வுகளில் இரத்தம் கொடுத்தவர்களில் பெரும்பான்மையோர் ஐரோப்பிய வம்சாவளியினர். அவர்களுக்குப் பொருந்தும் கணக்கு எமக்கு அப்படியே பொருந்தாது. இந்தக் குறையை நிரப்ப உழைத்தவர்களுள் சென்னையின் மனச்சிதைவு நோய் ஆராய்ச்சி நிறுவனமும் ஒன்று. 'ஸ்கார்ஃப்' என்று அதை அழைப்பார்கள். 1984இல் அதைத் தொடங்கியவர் டொக்டர் சாரதா மேனன். இந்தியாவின் முதலாவது பெண் உளவைத்தியர் அவர். மாணவிகள் இப்பெயரைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

ஸ்கார்ஃப் நிறுவனமும் அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகமும் சேர்ந்து தமிழ்நாட்டில் நோய் பரவலாக உள்ள குடும்பங்களைத் தேடிச் சென்று ஆராய்ந்தன. 2009இல் அக்குடும்பங்களில் 1ஆம் நிறமூர்த்தத்தின் ஒரு பகுதி ஆபத்தோடு தொடர்புபட்டதாக வெளியிட்டார்கள். 2019இல் தென்னிந்தியாவிலிருந்து மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரின் டி.என்.ஏயை முழுமையாக ஒப்பிட்ட ஆய்வு வெளிவந்தது. அதில் 8ஆம் நிறமூர்த்தத்தில் ஒரு புதிய இடம் தெரிந்தது. நயாசின் என்ற விற்றமின் பி3ஐ உடல் பயன்படுத்தும் வழியோடு தொடர்புள்ள பரம்பரையலகு அங்கே இருக்கிறது. நயாசின் கடுமையாகக் குறைந்தால் வரும் பெலக்ரா நோயில் மனக்குழப்பமும் ஓர் அறிகுறி என்பது வைத்தியர்களுக்கு முன்பே தெரியும். எனவே இது சிந்திக்கவைக்கும் கண்டுபிடிப்பு. அதற்காகக் கடையில் விற்றமின் குளிசை வாங்கிக் கொடுத்து நோயைத் தீர்க்கலாம் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. ஆய்வு காட்டியது ஒரு தொடர்பை மட்டுமே.

"எனக்கும் வருமா?"

ஒரு மாணவி வகுப்பு முடிந்தபின் என்னிடம் கேட்டாள்: "டீச்சர், எங்கட ராத்தாவுக்கு இந்த வருத்தம். எனக்கும் வருமா?" அவளுக்கு நான் எண்களில் பதில் சொன்னேன். அதையே இங்கும் சொல்கிறேன்.

பொதுவாக நூறு பேரில் ஏறக்குறைய ஒருவர். உடன்பிறந்தவருக்கு இருந்தால் நூற்றுக்கு ஒன்பது பேர் வரை. தாய் தந்தையரில் ஒருவருக்கு இருந்தால் நூற்றுக்குப் பத்துப்பேர் அளவில். மாமா, சாச்சி போன்றவர்களுக்கு இருந்தால் இரண்டு முதல் நான்கு பேர். இதைத் திருப்பிப் படிக்க வேண்டும். ராத்தாவுக்கு இருந்தாலும் நூறு தங்கைகளில் தொண்ணூறு பேருக்கு மேல் அந்த நோய் வருவதில்லை.

இன்னும் வலுவான சான்று ஒத்த இரட்டையர். இருவருக்கும் டி.என்.ஏ ஒன்றே. ஒருவருக்கு நோய் வந்தபோது மற்றவருக்கும் வருவது ஐம்பது வீதத்துக்கும் குறைவு. பரம்பரையலகு மட்டுமே தலைவிதி என்றால் இது நூறு வீதமாக இருக்க வேண்டும். மறுபக்கம், நோயாளர்களில் பெரும்பான்மையோரின் தாய்க்கோ தந்தைக்கோ இந்நோய் இருந்ததில்லை. ஆகவே "எங்கள் குடும்பத்தில் இல்லை" என்று பெருமை பேசவும் இடமில்லை. "அந்தக் குடும்பத்தில் இருக்கிறது" என்று விரல் நீட்டவும் இடமில்லை.

அப்படியானால் இரத்தத்தைச் சோதித்து முன்கூட்டியே சொல்லலாமா? டி2 வேறுபாட்டையோ வேறு எந்த ஒற்றை வேறுபாட்டையோ பார்த்து ஒருவருக்கு இந்நோய் வரும் என்று இன்று சொல்ல முடியாது. பணம் வாங்கிக்கொண்டு அப்படிச் சொல்பவரை நம்ப வேண்டாம்.

திருமணமும் மறைப்பும்

பெற்றோர் என்னிடம் கேட்பது பெரும்பாலும் திருமணத்தைப் பற்றியே. முதலில் சொந்தத்தில் முடிப்பது. மாமி மகனுக்குக் கொடுப்பது எமது வழக்கில் உண்டு, தோட்டத்து மக்களிடமும் உண்டு. எகிப்தில் 2010இல் வெளியான ஓர் ஆய்வு, உளப்பிளவை நோயாளர்களின் பெற்றோரிடையே நெருங்கிய உறவுத் திருமணம் கூடுதலாக இருந்ததைக் காட்டியது. இதை வைத்து எல்லா உறவுத் திருமணமும் ஆபத்து என்று சொல்லிவிட முடியாது. ஆனால் இரு பக்கமும் நெருங்கிய உறவில் நோயாளர் இருக்கும்போது, அதே குடும்பத்துக்குள் மேலும் முடிச்சுப் போட முன்னர் வைத்தியரோடு பேசுவது புத்தி.

அடுத்தது மறைத்துச் செய்யும் திருமணம். "கல்யாணம் முடித்தால் சரியாகிவிடும்" என்று சொல்லிப் பிள்ளையை ஒப்படைக்கிறார்கள். கணவன் வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று குளிசையையும் நிறுத்துகிறார்கள். இடமாற்றமும் நித்திரைக் குறைவும் மருந்தின்மையும் சேர, சில வாரங்களில் நோய் திரும்புகிறது. ஸ்கார்ஃப் நிறுவனத்தின் டொக்டர் ஆர். தாராவும் சகபாடிகளும் திருமணம் முறிந்து தாய்வீடு திரும்பிய நோயுற்ற பெண்களைப் பற்றி 2003இல் எழுதினார்கள். பலருக்குச் சட்டப்படி விவாகரத்தும் இல்லை, பராமரிப்புப் பணமும் இல்லை. வயதான பெற்றோரே அவர்களைத் தாங்கினார்கள். தமக்குப் பிறகு இவளை யார் பார்ப்பார் என்பதே அந்தப் பெற்றோரின் கவலை. இந்தக் கவலை எமது ஊர்களிலும் உள்ள கவலைதான். நோயைச் சொல்லி, மருந்தைத் தொடர்ந்து, தெரிந்தே ஏற்றுக்கொள்பவரோடு வாழ்பவர்கள் இருக்கிறார்கள். சொல்லாமல் கட்டிய வீடு முதல் மழைக்கே சரிகிறது.

நோய்க்காரர் இருக்கும் வீட்டின் மற்றப் பிள்ளைகளுக்குச் சம்பந்தம் கேட்டு வந்து, விடயம் தெரிந்ததும் திரும்பிப் போவோரையும் கண்டிருக்கிறேன். அவர்களுக்கும் மேலே சொன்ன எண்களே என் பதில். நீரிழிவு உள்ள குடும்பத்தில் தயங்காமல் பெண் எடுக்கிறோம். நீரிழிவும் பரம்பரையில் வருவதுதான்.

எம் கையில் உள்ள பங்கு

பரம்பரையலகை மாற்ற எம்மால் முடியாது. கூடையின் பாதையைச் சமமாக்க ஓரளவு முடியும். தாய் கர்ப்பமாக இருக்கும்போது போதிய உணவும் கிளினிக்கும் கிடைப்பது, பிரசவம் பாதுகாப்பாக நடப்பது, பிள்ளை அடியும் வதையும் இல்லாமல் வளர்வது எல்லாமே இதில் சேரும்.

வளர்ந்த பிள்ளைகளுக்கு மிகப் பெரிய ஆபத்துப் போதைப்பொருள். 'ஐஸ்' என்று தெருவில் விற்பது மூளையில் டோபமினைப் பெருமளவில் கொட்டவைக்கும் இரசாயனம். உளப்பிளவை நோயில் மெல்ல மெல்ல நடப்பதை அது ஒரே இரவில் நடத்திவிடும். பயமும் சந்தேகமும் குரலும் அப்படியே வரும். கஞ்சாவை இளவயதில் தொடங்கி அடிக்கடி பாவிப்பவருக்கு உளமாய நோய் வரும் வாய்ப்புக் கூடுகிறது என்பது பல நாடுகளில் கண்ட உண்மை. குடும்பத்தில் நோயுள்ள இளைஞருக்கு இது இன்னும் பெரிய நெருப்பு. சகோதரிகள் தங்கள் தம்பிமாரிடம் இதை எடுத்துச் சொல்ல வேண்டும்.

துஆவும் மருந்தும்

2001 ஓகஸ்ட் 6ஆம் திகதி தமிழ்நாட்டின் ஏர்வாடியில், தர்காவைச் சூழ இருந்த மனநோயாளர் விடுதிகளில் ஒன்றில் தீப்பிடித்தது. 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. எமது நாட்டிலிருந்தும் நோயாளரைக் கூட்டிக்கொண்டு மக்கள் போன இடம் அது. கூட்டிச் சென்றவர்கள் கல்நெஞ்சர்கள் அல்லர். வேறு வழி தெரியாதவர்கள். அதன் பிறகு இந்திய உச்ச நீதிமன்றம் தலையிட்டு அப்படிப்பட்ட விடுதிகளை மூடச் செய்தது. இன்று அந்தத் தர்காவில் 'தவா – துவா' என்ற பெயரில், மருந்தும் பிரார்த்தனையும் ஓரிடத்திலேயே கிடைக்க ஏற்பாடு செய்திருக்கிறார்கள்.

எமது மார்க்கத்தில் மருத்துவம் செய்துகொள்ளத் தடை ஏதும் இல்லை. 1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் கட்டிய மருத்துவமனையில் உளநோயாளருக்கும் தனிப்பகுதி இருந்தது. ஓதிப் பார்ப்பவர்கள் ஓதட்டும். ஓதுவதற்காகக் குளிசையை நிறுத்தச் சொல்பவரிடமும், அடிக்கவோ கட்டவோ புகை போடவோ சொல்பவரிடமும் பிள்ளையைக் கொடுக்க வேண்டாம். நோன்பு காலத்தில் மருந்தை விட்டுவிடவும் வேண்டாம். பல மருந்துகளை நோன்பு திறந்த பின் எடுக்கும்படி நேரம் மாற்றலாம். ரமழான் வருவதற்கு முந்திய கிளினிக்கிலேயே வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கே போவது?

ஒருவர் நித்திரையின்றி இருக்கிறார், தனக்குள் பேசுகிறார், படிப்பிலும் வேலையிலும் திடீரென விழுந்துவிட்டார், எல்லோரையும் சந்தேகிக்கிறார் என்றால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலைக்குப் போய் உளநல வைத்தியரைக் கேளுங்கள். இரத்தினபுரி, கேகாலைப் போதனா வைத்தியசாலைகளில் உளவைத்திய நிபுணர்களைக் காணலாம். தோட்டத்தில் உள்ளவர்கள் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொன்னாலும் வழிகாட்டுவார். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் தொலைபேசியில் பேசலாம். சாகப் போகிறேன் என்று ஒருவர் சொன்னால் அதை விளையாட்டாக எடுக்காமல் அன்றே கூட்டிச் செல்லுங்கள்.

மொழி ஒரு தடை என்பதை அறிவேன். தோட்டத்திலிருந்து வரும் தாய்க்கு மகனின் காதில் கேட்கும் குரல் என்ன சொல்கிறது என்பதைச் சிங்களத்தில் விளக்க வராது. சிங்களம் தெரிந்த ஒருவர் கூடப் போனால் நோயை அறிவதே பாதி இலகுவாகும். எமது மாணவிகள் மூன்று மொழியும் கற்கிறார்கள். அயலில் உள்ளவருக்கு இந்த உதவியைச் செய்வதற்கு வைத்தியப் பட்டம் தேவையில்லை.

இறுதியாக, நம்பிக்கை தரும் ஒரு செய்தி எமது நாட்டிலிருந்தே. 1979இல் நான்சி வெக்ஸ்லர் என்ற அமெரிக்க ஆய்வாளர், இலங்கையில் முதன்முறையாக வைத்தியசாலையில் சேர்ந்த 44 உளப்பிளவை நோயாளரை ஐந்து வருடம் கழித்துப் பார்த்து எழுதினார். மேற்கு நாடுகளில் கண்டதைவிட அவர்களின் நிலை நன்றாக இருந்தது. குடும்பம் அவர்களைத் தள்ளிவிடாமல், சுகம் வரும் என்று எதிர்பார்த்து வேலையும் கொடுத்து வைத்துக்கொண்டதை அவர் ஒரு காரணமாகக் கண்டார். சென்னையில் 1981 முதல் தொண்ணூறு நோயாளரைப் பின்தொடர்ந்த ஆய்விலும், பத்து வருடத்தின் பின் பெரும்பான்மையோர் நல்ல நிலையில் இருந்தார்கள். அந்த 44 பேரின் பரம்பரையலகை யாரும் மாற்றவில்லை. அவர்களை வீட்டார் வைத்துக்கொண்டார்கள்.

எனவே பெற்றோரே, கிளினிக் கொப்பியை உடுதுணிகளுக்கு அடியிலிருந்து வெளியே எடுங்கள். மாணவிகளே, உங்களில் யாராவது நாளை உளவைத்தியராகவோ தாதியாகவோ பரம்பரையியல் ஆய்வாளராகவோ வரக்கூடும். எமது மக்களின் டி.என்.ஏயையும் எமது மக்களின் மொழியையும் ஒன்றாக அறிந்தவர்கள் அந்தத் துறையில் இன்னும் மிகச் சிலரே. அந்த இடம் உங்களுக்காகக் காத்திருக்கிறது.